கானாவாழையில் சறுக்கிய பையன்

சாட்ஸ்வொர்த், டர்பன்
ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குளிர்காலம் தொடங்கிவிட்டது. நீ கொடுத்தனுப்பிய கம்பளி இப்போதுதான் பெட்டியிலிருந்து வெளியே வந்திருக்கிறது.

மாலை நேரத்தை எப்படிப் போக்குகிறாய் என்று கேட்டாயே, சொன்னால் சிரிப்பாய். வீட்டுக்கார ஆன்ட்டியும் நானும் டிவி முன்னால் உட்கார்ந்து, அமெரிக்கப் பிள்ளைகள் ஆங்கிலச் சொற்களுக்கு ஸ்பெல்லிங் சொல்வதைப் பார்க்கிறோம். 'ஸ்பெல்லிங் பீ' என்று 1925-இல் தொடங்கிய போட்டி அது. இறுதிச் சுற்று அங்கே இரவு எட்டு மணி என்றால் இங்கே அதிகாலை இரண்டு. அதனால் மறுநாள் பதிவைத்தான் போட்டுப் பார்த்தோம். அதற்குள் முடிவைத் தெரிந்துகொண்டு வந்து சொல்லக் கூடாது என்று ஆன்ட்டி எனக்கு உத்தரவே போட்டுவிட்டார்.

இதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். கிரிக்கெட் என்றால், ஆட்டமிழந்து போகிறவனைப் பார்த்து, "அந்தப் பந்தைத் தொட்டிருக்கவே கூடாது" என்று அத்தான் சாய்வு நாற்காலியிலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிடுவார். இங்கே அந்தப் பாச்சா பலிக்காது. அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததில் நூறில் ஒரு பங்குகூட நமக்குத் தெரியாது. குறை சொல்ல வழியில்லாததால், கூடச் சேர்ந்து தவிப்பது ஒன்றுதான் பாக்கி. கழுத்தில் எண் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு மைக் முன்னால் வந்து நிற்கிறார்கள். சொல்லின் பொருள் என்ன, எந்த மொழியிலிருந்து வந்தது, ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்ல முடியுமா என்று வரிசையாகக் கேட்கிறார்கள். கேட்டபடியே ஒரு சிறுமி உள்ளங்கையில் விரலால் எழுதி எழுதி அழிக்கிறாள். தப்பென்றால் ஒரு மணி அடிக்கும், அவ்வளவுதான். கடைசி எழுத்து நெருங்கும்போது ஆன்ட்டி கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். மணி அடித்துவிட்டால் "ஐயோ!" என்பார். அவருடைய முன்னோர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர்கள். ஆன்ட்டிக்குத் தமிழ் பேச வராது. ஆனால் அந்த "ஐயோ" நம் பெரியம்மாவுடையதேதான்.

இந்த வருடம் வென்றவன் டெக்சாஸைச் சேர்ந்த ஃபைசான் ஜாகி, வயது 13. போன வருடம் இரண்டாமிடம். இம்முறை உடனிருந்த இருவரும் தவறிவிட, கோப்பை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வந்த சொல் 'கொமலைனா'. பையன் ஒரு கேள்வியும் கேட்காமல், 'சி' சொல்ல வேண்டிய இடத்தில் 'கே' என்று ஆரம்பித்துவிட்டான். தப்பு அவனுக்கே உறைத்துவிட்டது, ஆனால் சொன்ன எழுத்தைத் திரும்பப் பெற முடியாது. ஆன்ட்டி தலையில் கை வைத்துக்கொண்டார். அது என்ன தெரியுமா? மழைக்காலத்தில் நம் கிணற்றடியில் மண்டுமே கானாவாழை, அந்தச் செடி இனத்தின் பெயர்! 2021-இல் கடைசியாக வந்த 'முராயா' கறிவேப்பிலை இனத்தின் பெயராம். நம் கொல்லையைச் சுற்றிவந்தாலே பாதிப் போட்டியை முடித்துவிடலாம் போலிருக்கிறது.

மூவருமே தவறியதால் போட்டி தொடர்ந்தது. அப்புறம் இன்னும் சில சொற்கள். கடைசியில் ஒரு பிரெஞ்சுச் சொல்லைச் சரியாகச் சொல்லிவிட்டு மேடையிலேயே தரையில் விழுந்தான். ஆன்ட்டி எழுந்து நின்று கைதட்டினார். இங்கே பகை என்று யாரும் கிடையாது அக்கா. அகராதி ஒரு பக்கம், பிள்ளைகளெல்லாம் மறுபக்கம். 2019-இல் எட்டுப் பேரைச் சேர்த்தே வெற்றியாளர்களாக அறிவிக்க வேண்டியதாயிற்று.

இதைப் படித்துவிட்டுச் சின்னவளை உடனே ஏதாவது கோச்சிங்கில் சேர்த்துவிடாதே. உன்னை எனக்குத் தெரியும். பெற்றோர் பக்கம் கேமரா திரும்பும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், பாவம், பிள்ளைகளைவிட அவர்களுக்குத்தான் வியர்க்கிறது. அவள் ல, ள, ழ மூன்றையும் குழப்பாமல் எழுதினாலே போதும்.

பணம் 5-ஆம் தேதிக்குள் வந்துவிடும். அம்மாவின் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. முறுக்கு அனுப்புவதானால் தேங்காய் எண்ணெயில் சுட வேண்டாம், வந்து சேர்வதற்குள் சிக்குவாடை அடித்துவிடுகிறது.

அன்புத் தம்பி