அங்கத்தினர் என்றால் அங்கம்: துபாயில் இருக்கும் மகளுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான மகளுக்கு,

ஸ்தோத்திரம். "கோயிலுக்குத்தான் போக முடியலப்பா, ஆனா யூடியூப்ல ஆராதனை பார்க்கிறேன், ஜெபம் பண்றேன், நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னாய். நீ நல்லா இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அந்த "நல்லாத்தான்" என்பதைப் பற்றி உனக்கு எழுதியே ஆக வேண்டும்.

கம்பம் பக்கத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கவாத்து பண்ணும்போது வெட்டின கொடி கீழே கிடக்கும். வெட்டின உடனே அதன் இலை வாடாது. கொஞ்ச நேரம் பச்சையாகவே இருக்கும், பிறகுதான் ஓரம் சுருளும். செடியில் இருக்கிற இலையும் அறுபட்ட இலையும் அந்த நேரத்தில் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். யோவான் 15-ல் ஆண்டவர் தம்மைத் திராட்சைச் செடியாகவும் நம்மைக் கொடிகளாகவும் சொல்லி, "என்னில் நிலைத்திருங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னது இதனால்தான். பச்சையாக இருக்கிறோமா என்று பார்க்காதே அம்மா, ஒட்டிக்கொண்டிருக்கிறோமா என்று பார்.

சபை அங்கத்தினர் என்கிறோமே, அங்கம் என்றால் உடம்பின் உறுப்பு. 1 கொரிந்தியர் 12-ல் பவுல் சொல்வதும் அதுதான். அது பதிவேட்டில் இருக்கிற பெயரோடு முடிகிற காரியம் இல்லை. நம் தென்னிந்தியத் திருச்சபை ஆராதனையில், அப்பமும் பாத்திரமும் பெறுகிற திருவிருந்துக்கு முன்னால் சமாதானம் கொடுப்பது உனக்கு நினைவிருக்கும். நம் வலது உள்ளங்கை பக்கத்தில் நிற்பவரின் வலது உள்ளங்கையோடு சேரும், இரண்டு பேரின் இடது கையும் மேலே மூடும். அவர் யாரானாலும், அவரோடு மனஸ்தாபம் இருந்தாலும், அந்தக் கையைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். போன் திரையில் பிரசங்கம் வரும், பாட்டு வரும். அந்தக் கை வராது, அப்பமும் பாத்திரமும் வராது. உடம்பு சரியில்லாத நாளுக்கு யூடியூப் போதும். அதையே பழக்கமாக வைத்துக்கொள்ளாதே.

துபாயில் ஊத் மேத்தாவிலும் ஜெபல் அலியிலும் ஆலய வளாகங்கள் இருக்கின்றன. ஒரே வளாகத்தில் பல சபைகள் நேரம் பிரித்துக் கூடும். 2022 ஜனவரியிலிருந்து அங்கே ஞாயிறு வார விடுமுறைதான் என்றாலும், பழைய வழக்கப்படி வெள்ளிக்கிழமையும் ஆராதனை வைக்கிற சபைகள் உண்டு. உன் ஷிப்டுக்கு எது ஒத்துவருகிறதோ அதைத் தேர்ந்தெடு. இரண்டு மூன்று இடம் போய்ப் பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் ஆறு வாரத்துக்குள் ஒன்றில் நிலைத்துவிடு. வாரம் ஒரு சபை என்று சுற்றுகிறவர்களை எந்த ஆயரும் தேடி வரமாட்டார், யார் வரவில்லை என்று அவருக்கே தெரியாதே! நிலைத்த பிறகு ஒரு வேலையைக் கேட்டு வாங்கு. பாடகர் குழுவோ, ஓய்வுநாள் பள்ளியோ, நாற்காலி போடுவதோ, எதுவானாலும் சரி. வேலை கையில் இருந்தால் "இன்றைக்கு வேண்டாமே" என்று மனசு சொல்கிற நாளிலும் கால் நடந்துவிடும்.

வேதவாசிப்பில் பெரும்பாலானவர்கள் சறுக்குகிற இடத்தையும் சொல்கிறேன். ஜனவரி 1-ஆம் தேதி ஆதியாகமத்தில் ஆரம்பித்து தினம் மூன்று அதிகாரம் வாசித்தால் 31-ஆம் தேதி லேவியராகமம் வந்துவிடும். பலி முறைகளைப் படிக்கையில் வேகம் குறையும், நான்கு நாள் விடுபடும். விட்ட பன்னிரண்டு அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்கப் பார்த்து, முடியாமல், புத்தகத்தையே மூடிவிடுவார்கள். நீ புதிய ஏற்பாட்டில் ஆரம்பி. மொத்தம் 260 அதிகாரம். வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில் சரியாக முடியும். விட்டுப்போன நாளை இரண்டு மீதி நாளில் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு மேல் விட்டால் விட்டதுதான், அன்றைய அதிகாரத்துக்குப் போய்விடு. அச்சுப் புத்தகத்தில் வாசி. போனில் வாசித்தால் மூன்றாம் வசனத்தில் வாட்ஸ்அப் வந்து நிற்கும். பதினைந்து நிமிடம் போதும். முதலில் ஒரு சங்கீதம், பிறகு அதிகாரம், அதில் உன்னைத் தொட்ட ஒரு வசனத்தை நோட்டில் எழுது, ஐந்து பேரைப் பெயர் சொல்லி ஜெபி, கடைசியில் கர்த்தருடைய ஜெபத்தை நிதானமாகச் சொல்.

எதுவுமே மனசில் ஒட்டாத நாட்கள் வரும். பயப்படாதே. கனி கொடுக்கிற கொடிக்கும் கவாத்து உண்டு, வெட்டின முனையில் நீர் சொட்டும். அது அறுந்த கொடி இல்லை. அந்த நாட்களில் இல்லாத உற்சாகத்தை இழுத்து வராமல் 88-ஆம் சங்கீதத்தை வாசி. அது இருளிலேயே முடியும், கடைசியில் ஆறுதல் வசனம்கூடக் கிடையாது. அப்படியும் அது ஜெபமாக வேதத்துக்குள் இருக்கிறது.

திருவிருந்து ஞாயிற்றுக்கு முந்தின ராத்திரி அரைமணி நேரம் ஒதுக்கு. பத்துக் கட்டளையை ஒவ்வொன்றாகச் சொல்லி நிறுத்தி யோசி. மத்தேயு 5:23-24-ன்படி யாருடனாவது சரிசெய்ய வேண்டியிருந்தால் அன்றைக்கே போன் பண்ணு. உன் அண்ணனோடு இருக்கிற மனஸ்தாபத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, மறந்துவிடாதே. நீ போகிற சபையின் பெயரையும் ஆயரின் முகவரியையும் இந்த வாரமே அனுப்பு. உன் ஞானஸ்நானத் தேதி, திடப்படுத்தல் (கன்பர்மேஷன்) தேதி, நீ திருவிருந்து எடுக்கிற அங்கத்தினர் என்பது எல்லாம் எழுதி நம் ஆயரிடம் கடிதம் வாங்கி, ஞானஸ்நான சர்டிபிகேட் நகலோடு அனுப்பிவைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவரைப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா