அபிஷேகம் பெற்றவருக்குத்தான் காளை

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள், உலை வைக்கும்போதே எங்கள் கிறிஸ்தவக் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசியை எடுத்துக் கலயத்தில் போட்டுவிடுவார்கள். பெண்கள் ஐக்கிய சங்கம் சார்பில் அதை வீடு வீடாக வாங்கி வருகிறவள் நான். காணிக்கைக் கணக்கைச் சபையில் வாசியுங்கள் என்று கேட்டால், "அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே என்று வேதத்தில் இருக்கே, ஐயரைக் கேள்வி கேட்கலாமா?" என்று வாயை அடைக்கிறார்கள். ஐயர் என்றால் எங்கள் சபைப் போதகர்; அபிஷேகம் என்றால் கடவுளின் ஊழியத்துக்கென்று எண்ணெய் பூசிப் பிரித்து வைப்பது.

அந்த வசனம் இருக்கிற வேதாகமத்தின் சங்கீதம் 105ஐ முழுசாக வாசியுங்கள். இஸ்ரவேலரின் முற்பிதாக்களான ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் அந்நிய தேசங்களில் பரதேசிகளாய்த் திரிந்தபோது, அவர்களைத் தொடாதபடி ராஜாக்களுக்கு விடுத்த எச்சரிப்பு அது. கணக்குக் கேட்கிற சபையாருக்குச் சொன்னதல்ல.

ஆசாரியன், அதாவது பலி செலுத்தும் குரு, தப்பு செய்தால் என்ன பலி கொடுக்க வேண்டும் என்று லேவியராகமம் 4ஆம் அதிகாரம் நேராகவே சொல்கிறது. அதுவும் அறியாமல் செய்த பாவத்துக்கு. சாதாரண ஆளுக்குப் பெண் வெள்ளாடோ பெண் செம்மறிக்குட்டியோ போதும். தலைவனுக்கு வெள்ளாட்டுக்கடா. அபிஷேகம் பெற்ற ஆசாரியனுக்கோ பழுதற்ற இளங்காளை. சபை முழுவதும் சேர்ந்து தப்பு செய்தாலும் அதே காளைதான். ஆசாரியன் ஒருவனுடைய பாவம் ஜனங்கள் எல்லார்மேலும் குற்றமாக விழுகிறது என்று அந்த அதிகாரமே சொல்கிறது. தலைவனோ சாதாரண ஆளோ பாவம் நீங்கக் கொண்டுவரும் பலியின் இறைச்சியில் ஆசாரியனுக்குப் பங்கு உண்டு. தன் பாவத்துக்கான காளையில் ஒரு துண்டுகூடக் கிடையாது. தோல், தலை, குடல் முதற்கொண்டு ஜனங்கள் கூடாரமிட்டிருந்த பாளயத்துக்கு வெளியே சுட்டெரிக்க வேண்டும்.

ஆசாரியனான ஏலியின் மகன்கள், அவர்களும் ஆசாரியர்களான ஓப்னி, பினெகாஸ் கதை நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஜனங்கள் பலியிட்ட இறைச்சி வேகும்போதே வேலைக்காரனை அனுப்பி, மூன்று கூருள்ள ஆயுதத்தைக் கொப்பரையில் விட்டுக் குத்தி, வந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். ஏலி வாயால் கண்டித்தார். தெரிந்திருந்தும் அவர்களை அடக்கவில்லை என்றுதான் கர்த்தர் அவர் வீட்டின்மேல் நியாயத்தீர்ப்புச் சொன்னார். இங்கேயோ தப்பு வெளியே வந்தால் ஐயருக்கு வேறு சேகரத்துக்கு, அதாவது வேறு ஊர்ச் சபைகளுக்கு, மாற்றல், அத்தோடு சரி. கணக்கு கேட்டவள்தான் கலகக்காரி. இது எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கிறது.

சபையார் கூடி உண்ணும், வருகிற அசனப் பண்டிகைக்கு முன்னால் வரவு செலவைச் சபையார் எல்லார் முன்னிலும் வாசிக்க வேண்டும். கர்த்தருக்குரிய பரிசுத்தமானவற்றில் குறை வைத்தவன் ஆட்டுக்கடாவோடு, குறைந்ததையும் அதற்குமேல் ஐந்தில் ஒரு பங்கையும் கட்ட வேண்டும் என்பது லேவியராகமம் 5ஆம் அதிகாரம். ஆட்டுக்கடா வேண்டாம். பணத்தை அந்தக் கணக்கிலேயே கட்டட்டும், எந்த அங்கி போட்டவராக இருந்தாலும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஆலங்குளம் வட்டாரம்