குளத்துப்புழை அக்காவுக்கும், அன்று கூட நின்ற எல்லாருக்கும்

தம்பி நேற்று சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், விடாமல் போன் பண்ணிக் கேட்டவர்கள் அத்தனை பேர். கேரளத்துக் குளத்துப்புழைப் பக்கம் மலை ரோட்டு வளைவில் எங்கள் சைக்கிள் குழுவின் தம்பி விழுந்து அடிபட்டது உங்களுக்கெல்லாம் தெரியும், முழுசாகத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வளைவுக்கு மேலே லாரியைக் குறுக்கே போட்டு, பின்னால் வந்த வண்டிகளையெல்லாம் மறித்த டிரைவர் அண்ணன், "அனக்கல்லே, அனக்கல்லே" (அசைக்காதீங்க) என்று மலையாளத்தில் கத்திக்கொண்டே ஓடிவந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை தம்பியின் கழுத்து அசையாமல் பிடித்திருந்த ஆட்டோ சேட்டன், 108 ஊழியர்கள், புனலூரில் ராத்திரி முழுக்கக் கூடவே இருந்த டாக்டரும் நர்ஸ் அக்காமாரும், ரத்தம் கொடுக்கத் தென்காசியிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் மழையில் கிளம்பி வந்த பசங்க. பாதிப் பேருடைய பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. உங்களுக்குக் கோடி நன்றி.

அப்புறம் அந்த அக்கா.

ஆம்புலன்ஸ் போனதும் மீதிப் பேர் என்ன செய்வதென்று தெரியாமல் ரோட்டோரம் நனைந்துகொண்டு நின்றோம். தம்பியின் அம்மா கார் பிடித்து ஆரியங்காவு தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. அந்த நேரத்தில்தான் பால் வெட்டிவிட்டுத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தார், சேலைக்கு மேலே ஒரு முழுக்கைச் சட்டை, விரலெல்லாம் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. எங்களிடம் எதுவும் விசாரிக்கவில்லை. சைக்கிளைப் பார்த்தார், "அவங்க அம்மா இந்த வழியாத்தானே வருவாங்க? இதை இப்படிப் பார்க்கக் கூடாது" என்று சொல்லிக் கையோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார். குழாயடியில் உட்கார்ந்து தேங்காய் நாரும் பார் சோப்புமாகத் தேய்த்தார். ஹேண்டில்பாரில் சுற்றிய டேப்பின் மடிப்புக்குள்ளே நகத்தை விட்டுச் சுரண்டி எடுத்தார், ஹெல்மெட் வாரைத் தனியாகக் கழற்றி அலசினார், பிறகு குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ரோட்டையும் கழுவிவிட்டார். மழை பெய்கிறதே, அதுவே கழுவிவிடும் என்று எங்களில் ஒருவன் சொன்னான். "அதுக்குள்ள அவங்க வந்துருவாங்க" என்றார்.

அம்மா வந்து இறங்கி, எங்கே விழுந்தான் என்று கேட்டார்கள். ஈர ரோட்டைத் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை. அக்கா அவர்கள் கையைப் பிடித்து, "பேசினான்னு இந்தப் பிள்ளைங்க சொல்றாங்க, தைரியமா போங்க" என்று காரில் ஏற்றிவிட்டார். எங்களுக்குப் பால் இல்லாத தேத்தண்ணி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. அதை நக்கிக்கொண்டு குடித்த பிறகுதான் எனக்குக் கை நடுக்கம் நின்றது.

அவருடைய அப்பா அம்மா, இந்திய வம்சாவளித் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரை இந்தியா திரும்ப எடுத்துக்கொள்ள 1964-ல் இலங்கையோடு போட்ட சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்கள். குளத்துப்புழைப் பக்கம் இப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. சாஸ்தா கோயில் மீன்களைப் பார்க்க இந்த ரோட்டில் எத்தனையோ முறை போயிருக்கிறேன், லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வாசலில் நிற்பவர்கள் தமிழில் பேசுவது காதில் விழும், ஆனால் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது அந்தப் பக்கம் யோசித்தாலே அக்கா முகம்தான் வருகிறது. யாரென்று தெரியாத ஒரு அம்மா எதைப் பார்த்தால் தாங்க மாட்டாள் என்று அந்த நெருக்கடியில் எப்படித்தான் அவருக்குத் தோன்றியது? ஆம்புலன்ஸ், டாக்டர், ரத்தம் என்றுதான் நாங்கள் எல்லாரும் அலைந்துகொண்டிருந்தோம்.

சைக்கிளை எடுக்கப் போனபோது ரப்பர் மரத்துக்கு மழைக்குக் கட்டுகிற பிளாஸ்டிக்கால் மூடி, திண்ணையில் சாய்த்து வைத்திருந்தார். செயின் துருப்பிடிக்கக் கூடாது என்று தேங்காய் எண்ணெய் தடவியிருந்தார். பணம் கொடுக்கப் போனதற்குக் கோபம் வந்துவிட்டது அவருக்கு.

எங்கள் குழுவில் எல்லாரும் கூடிப் பேசிவிட்டோம். இனி முதலுதவி படிக்காமல் யாரும் மலை ரோட்டுக்கு வரப்போவதில்லை. அந்த ரோடு லாரிக்கும் கோயில் வேனுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான், இறக்கத்தில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போவோம். வேறு யாராவது அடிபட்டுக் கிடந்தால் எத்தனை மணியானாலும் நின்றுவிட்டுத்தான் நகர்வோம், இது சத்தியம்.

அக்கா, தம்பிக்குக் கட்டுப் பிரித்ததும் அவனையும் அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். நீங்கள் உலை வைக்க வேண்டாம், பிரானூர் பார்டரிலிருந்து புரோட்டாவும் கோழியும் நாங்களே கட்டிக்கொண்டு வந்துவிடுவோம். தேத்தண்ணி மட்டும் போட்டு வையுங்கள்.