கயலுக்கு, இடுப்பில் குத்துகிற அந்த ரிவால்வர் பற்றி

அன்புள்ள கயல்,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. மாப்பிள்ளையும் பேரனும் நலம் என்று போனிலேயே கேட்டுக்கொண்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பேச்சுக்கு நடுவே நீ சொன்ன ஒன்று மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. "இடுப்பில் வைத்தால் குத்துதும்மா, அதனால ஹேண்ட்பேக்லயே போட்டுக்கிறேன்" என்றாய். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்ததால் அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. போனில் சொன்னால் பாதி காதில் விழாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ ரிவால்வர் வாங்கியதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. அதை மறைக்கவில்லை. ஆனால் நீ மாட்டு டாக்டர்; இராத்திரி இரண்டு மணிக்கு, கன்று சிக்கிக்கொண்டது என்று யாரோ கூப்பிட்டால், டெக்சாஸின் லப்பக் ஊரிலிருந்து செல்போன் சிக்னல் கூட இல்லாத பண்ணைச் சாலையில் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவள் நீ. இருபத்திரண்டு வருஷம் பெட்ரோல் பங்க் கடையில் கல்லாவுக்குப் பின்னால் அதே சாமானை உடம்பில் சுமந்தவள் நான். எந்த வாயால் உன்னை வேண்டாம் என்பேன்? சரி, வாங்கியாகிவிட்டது. அது எங்கே இருக்க வேண்டும் என்பதையாவது ஒழுங்காக முடிவு செய்வோம்.

முதலில் ஹேண்ட்பேக். உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒரு சங்கதி இருக்கிறது. நீ எட்டாவது படித்த வருஷம், ஒரு சாயங்காலம் மளிகை வாங்கிவிட்டு சாமான்களை எல்லாம் காரில் அடுக்கினேன். ஹேண்ட்பேக்கைத் தள்ளுவண்டியின் குழந்தை இருக்கையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். பத்து நிமிஷம் ஓட்டிய பிறகுதான் நினைவு வந்தது. உள்ளே ஐந்து தோட்டாவும் நிரம்பிய ரிவால்வர். திரும்பிப் போன அந்தப் பத்து நிமிஷத்தில் எத்தனை குழந்தைகள் அந்த வண்டியைத் தாண்டிப் போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டே ஓட்டினேன். தள்ளுவண்டிகளை ஒதுக்குகிற பையன் அதை எடுத்துப் பத்திரமாக உள்ளே கொடுத்திருந்தான். திறந்துகூடப் பார்க்கவில்லை. அன்று இராத்திரி அப்பாவிடம் சொல்லும்போது என் பல் தந்தியடித்தது. 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு தாய்க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கடையில் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயது மகன் அவள் ஹேண்ட்பேக்கிலிருந்த துப்பாக்கியை எடுத்துவிட்டான். குண்டு அம்மாமேல் பாய்ந்தது, அங்கேயே போய்விட்டாள். அதுவும் துப்பாக்கி வைப்பதற்கென்றே ஜிப் அறை தைத்த பை. நம் குட்டிக்கு இப்போது மூன்று வயது. உன் பையில்தான் அவன் பிஸ்கட் தேடுகிறான். இதற்கு மேல் நான் எழுத வேண்டாம்.

ஆக, உடம்பில்தான். உடம்பில் வைத்தால் குத்துகிறது என்பதுதான் உன் பிரச்சினை. அது சின்னப் பிரச்சினை இல்லை. குத்துகிற ஒன்றை மனுஷர் ஒரு வாரம் சுமப்பார், அப்புறம் கார் டாஷ்போர்டில் வைப்பார், அப்புறம் பையில், அப்புறம் மேசை இழுப்பறையில். எனக்கும் அப்படித்தான் ஆனது. நீ சுமக்கிற விதம் சுகமாக இருந்தால்தான் அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். அதனால் "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று சொல்ல மாட்டேன்.

நீ வாங்கியது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் 642 மாடல் என்றாய். என்னுடைய 442-ம் அதே அச்சுதான், நிறம்தான் வேறு. நல்ல தேர்வு. அலுமினியக் கலவை உடம்பு, காலியாக நானூறு கிராமுக்குச் சற்று மேலே, ஐந்து தோட்டாவும் போட்டால் அரைக் கிலோவுக்கு உள்ளேதான். தோட்டாவை அடிக்கிற சுத்தியல் உள்ளேயே மூடியிருப்பதால் துணியில் மாட்டாது. ஆனால் எடை குறைந்ததால் சுடும்போது உள்ளங்கையில் அறைகிற மாதிரி உதைக்கும். பயிற்சிக்குப் போனால் ஒரே நாளில் ஐம்பது சுடாதே, இருபதோடு நிறுத்து. கை வலிக்கும் என்ற பயம் வந்துவிட்டால் கண் சிமிட்டத் தொடங்கிவிடுவாய். இன்னொன்று, இதற்குப் பூட்டு மாதிரி ஒரு பொத்தான் எதுவும் கிடையாது. ட்ரிகர் நீளமாக, கனமாக இழுபடும். அதுதான் அதன் காவல். அதனால் அதைச் செருகிவைக்கிற உறை எதுவாக இருந்தாலும் ட்ரிகர் முழுதாக மூடியிருக்க வேண்டும். இதில் மட்டும் பேரமே இல்லை.

பாக்கெட்டில் வைப்பது இந்த அளவு ரிவால்வருக்கு நன்றாகவே ஒத்துவரும். ஆனால் வெறுமனே போடக்கூடாது. பாக்கெட்டுக்கென்று தைத்த உறை இருக்கிறது. ரிவால்வரை நிமிர்த்திப் பிடிக்கும், தோட்டா நிற்கிற சிலிண்டரின் உருண்டை வெளியே தெரியாமல் தட்டையாக்கும், எடுக்கும்போது உறை பாக்கெட்டிலேயே நின்றுவிடும். அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் இருக்கக்கூடாது. சாவி, சில்லறை, பேனா எதுவும். கடை ஆரம்பித்த புதிதில் மேலங்கிப் பாக்கெட்டில் உறை இல்லாமல் வைத்திருந்தேன். ஒருநாள் கழற்றிப் பார்த்தால் பேனாவின் கிளிப் ட்ரிகர் வளையத்துக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அன்றோடு விட்டேன். உனக்குப் பாக்கெட்டில் இரண்டு சங்கடம். பெண்களுக்குத் தைக்கிற ஜீன்ஸில் பாக்கெட் என்று சொல்லிக்கொள்ள நாலு விரல் ஆழம்தான் இருக்கிறது. அப்புறம், காரில் உட்கார்ந்தபடி பாக்கெட்டுக்குள் கை விடவே முடியாது. நீ பாதி நாள் காரில்தான் இருக்கிறாய். ஆகவே ஊருக்குள் நடமாடுகிற நாளுக்கு மட்டும் பாக்கெட் வைத்துக்கொள். மாதம் ஒருமுறை பஞ்சும் தூசியும் தட்டு. உங்கள் ஊர்ப் புழுதிக்கு வாரம் ஒருமுறையே தட்டலாம்.

இடுப்பு உனக்குக் குத்தியதற்குக் காரணம் ரிவால்வர் இல்லை, பெல்ட் என்று நினைக்கிறேன். தொளதொள பெல்ட்டில் கனம் ஒரே இடத்தில் தொங்கி எலும்பில் இடிக்கும். துப்பாக்கிக்கென்றே இரட்டைத் தோலில் விறைப்பாகத் தைத்த பெல்ட் கிடைக்கிறது. அதைக் கட்டினால் கனம் இடுப்பைச் சுற்றிப் பரவிவிடும். அப்புறம் உறையின் முதுகுப்பக்கம். வெறும் பிளாஸ்டிக் உடம்பில் உரசினால் வேர்வையில் தோல் உரியும். தோல் உறைதான் எனக்குச் சரிப்பட்டது. அதிலும் இடுப்பெலும்புக்கு நேர் மேலே வைக்காதே. கடிகார முகத்தைத் தொப்புளில் பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டால், நாலு மணி இடம். எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறது பார், அங்கே சிலிண்டர் பதிந்துவிடும். ரப்பர் பிடி சட்டைத் துணியைப் பிடித்து இழுத்து உருவத்தைக் காட்டிக்கொடுக்கும். மரப்பிடி வழுக்கிக்கொண்டு போகும். மாற்றுவது ஒரே ஒரு திருகுதான்.

ஆனால் கார் ஓட்டும்போது வலது பக்கம் சீட் பெல்ட் கொக்கி வந்து அதன்மேலேயே உட்காரும். அதற்குத்தான் இடது முன்பக்கம், பிடி வலது கையைப் பார்க்கிற மாதிரி வைக்கிற குறுக்கு உறை. நான் கடைசி பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் வைத்திருந்தேன். ஸ்டூலில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் இருப்பதே தெரியாது. நின்றால் சற்றுத் துருத்தும், அதற்குப் பொத்தான் போடாத மேல்சட்டை போதும். அதைத் தைத்துக் கொடுத்தவர் நம் தெருக்கோடியில் இருந்த குதிரைச் சேணம் தைக்கும் பெரியவர். உனக்கு ஞாபகம் இருக்கும், உனக்கு மிட்டாய் கொடுப்பாரே. அளவு எடுக்கிற அன்று என்னை நிற்கச் சொல்லவே இல்லை. உட்காரச் சொன்னார், குனியச் சொன்னார், கீழே கிடந்த டப்பாவை எடுக்கச் சொன்னார், அப்பாவின் காரில் ஏறி இறங்கச் சொன்னார். மனுஷர் நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டா இருக்கிறார் என்றார்.

கணுக்காலில் கட்டுகிற உறை நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்கு நல்லது என்பார்கள். உண்மைதான், ஆனால் நீ மாட்டுத் தொழுவத்தில் சாணியிலும் சேற்றிலும் மண்டி போடுகிறவள். உனக்கு அது ஆகாது. வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற எலாஸ்டிக் பட்டையை சுடிதாருக்கு உள்ளே சில வருஷம் கட்டிப் பார்த்தேன். இங்கே ஹூஸ்டன் ஈரப்பதத்தில் மதியத்துக்குள் நனைந்து தோலில் கொப்புளம் வந்தது. உங்கள் பக்கம் வறண்ட காற்று, உள்ளே ஒரு பனியன் போட்டால் தாங்கலாம். ஆனால் ட்ரிகர் மேல் வெறும் துணி இருக்கிற பட்டையை வாங்காதே, கெட்டியான உறை பதித்ததாகப் பார். உள்ளாடையில் மாட்டுகிற உறையும் விற்கிறார்கள். மாட்டும்போதும் சரிசெய்யும்போதும் குழல் உன் உடம்பைப் பார்த்துவிடக்கூடும். வேண்டவே வேண்டாம்.

வேலை நேரம்தான் எனக்குப் பெரிய கவலை. மாட்டுக்குள் தோள்வரை கைவிட்டு நிற்கும்போது, கட்டிப்போட்ட மிருகம் உதறும்போது, இடுப்பில் துப்பாக்கி உனக்கு எதற்கு? அதைவிட மோசம், முழுஅங்கிப் பாக்கெட்டில் வைத்தால், அங்கியைக் கழற்றி வேலியில் போட்டுவிடுவாய், பண்ணைக்காரர் பிள்ளைகள் சுற்றி ஓடுவார்கள். வண்டிக்குள் இருக்கைக்கு அடியில் இரும்புப் பெட்டி ஒன்றைப் போல்ட் போட்டு இறுக்கு. தொழுவத்துக்குள் போகும்முன் ரிவால்வரை உறையோடு சேர்த்துக் கழற்றி அதில் பூட்டு. முடிந்ததும் உறையோடு சேர்த்து எடுத்து மாட்டு. உறையோடு என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறேன், கவனி. உறையிலிருந்து உருவி, திரும்பச் செருகும்போதுதான் சட்டை நுனியோ கயிறோ ட்ரிகரில் சிக்கும். என்றைக்காவது செருகியே ஆக வேண்டும் என்றால், மெதுவாக, கண்ணால் பார்த்து, விரலை வெளியே நீட்டி வைத்துக்கொண்டு செய். எடுப்பதில்தான் அவசரம் வரலாம், வைப்பதில் ஒருநாளும் அவசரம் கிடையாது.

வீட்டுக்கு வந்தால் நேராகப் பூட்டுப்பெட்டி. சமையலறை அலமாரி உச்சி இல்லை, தலையணைக்கு அடியில் இல்லை. பதினேழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கைக்கு எட்டும்படி வைப்பது டெக்சாஸில் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

சட்டம் என்றதும் இன்னும் சில. 2021 செப்டம்பரிலிருந்து இங்கே இருபத்தோரு வயதானவர்கள் பெரும்பாலும் லைசென்ஸ் இல்லாமலே சுமக்கலாம் என்பது உனக்கும் தெரியும். இருந்தாலும் நீ லைசென்ஸ் எடு. பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் மத்தியச் சட்டம் வேறு மாதிரி, மாநில லைசென்ஸ் இருந்தால்தான் விலக்கு. தினம் எத்தனை பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போகிறாய், எண்ணிப் பார். போலீஸ் நிறுத்தினால் கை இரண்டும் ஸ்டியரிங் மேல் இருக்கட்டும். அடையாள அட்டை கேட்டால் இந்த லைசென்ஸையும் சேர்த்துக் கொடு. நியூயார்க், நியூஜெர்சி, கலிபோர்னியா மூன்றும் நம் லைசென்ஸை ஏற்காது. அத்தை வீட்டுக்குப் போகும்போது மறந்துகூட எடுத்துப் போகாதே. அப்புறம் உன் கொழுந்தன். அவர் இன்னும் எச்-1பி விசாவில்தானே இருக்கிறார்? வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். ஆசையாகக் கேட்டாலும் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லாதே, உன் வண்டியையும் அதோடு அவரிடம் விட்டுவிடாதே. கிரீன் கார்டு வரும்வரை அப்பா கடைத் துப்பாக்கிப் பக்கமே போகவில்லை.

லைசென்ஸ் வகுப்பில் நம் டெக்சாஸின் கில்லீன் ஊரில் நடந்த சம்பவத்தைச் சொன்னார்கள். 1991 அக்டோபரில் அங்கே ஒரு உணவகத்துக்குள் ஒருவன் பிக்கப் வண்டியை மோதிக்கொண்டு வந்து 23 பேரைச் சுட்டுக் கொன்றான். சுசானா ஹப் என்ற பெண்மணி தன் அப்பாவையும் அம்மாவையும் அங்கே பறிகொடுத்தார். அவருடைய ரிவால்வர் காரில் இருந்தது, உடம்பில் சுமக்க அன்றைய சட்டம் விடவில்லை. அவர் போன்றவர்கள் பேசிப் பேசித்தான் 1996-ல் இங்கே லைசென்ஸ் முறை வந்தது. வகுப்பில் எல்லோரும் துப்பாக்கியைப் பற்றி யோசித்தார்கள். நான் அந்தப் பெண்ணின் அம்மாவைப் பற்றி யோசித்தேன். பெண் ஜன்னல் வழியாகத் தப்பிவிட்டாள், அம்மா அப்பாவை விட்டு நகரவில்லை.

உனக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். என் குறுக்கு உறை அதில் இருக்கிறது. உன் ரிவால்வருக்கு அப்படியே பொருந்தும். வருஷக்கணக்கில் சும்மா கிடந்ததால் சற்று இறுகியிருக்கும். சிலிண்டரைத் திறந்து ஐந்து அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, மெழுகுத்தாளில் ரிவால்வரைச் சுற்றி, ஒரு இராத்திரி உறைக்குள் வைத்துவிடு, வழிக்கு வரும். எண்ணெய் போடாதே, தோல் தளர்ந்துவிடும். பிறகு குட்டி இல்லாத ஒரு சனிக்கிழமை, தோட்டாவை வேறு அறையில் பூட்டிவிட்டு, காலி ரிவால்வரோடு காலையிலிருந்து இராத்திரி வரை வீட்டில் இரு. உட்கார், குனி, பாத்ரூம் போ, கார் ஏறி இறங்கு. பாத்ரூமில் பேன்ட்டைத் தளர்த்தும்போது உறை எங்கே போகிறது என்று முக்கியமாகப் பார். நிறையப் பேர் அங்கேதான் கீழே போடுகிறார்கள்.

எங்கே குத்துகிறது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல். பார்சலில் முறுக்கும் இருக்கிறது, உறையில் எண்ணெய் படாமல் தனியாகக் கட்டியிருக்கிறேன். குட்டிக்குக் காரம் குறைத்துச் செய்ததைச் சிவப்பு மூடி டப்பாவில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா