பேர் போன சொல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் தங்கள் கேள்வி-பதில் பகுதியில் 'இக்னாமினி' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'அவமானம்' என்று ஒரே சொல்லில் பொருள் போட்டிருந்தீர்கள். தப்பில்லை. ஆனால் கொழிஞ்சாம்பாறையில் 30 வருஷமாக மளிகைக் கடை நடத்தும் எனக்கு அது போதவில்லை. பஸ்ஸில் சில்லறை இல்லாமல் நின்றாலும்கூட அவமானம்தான். இது வேறு.

லத்தீனில் அது 'இக்னோமினியா'. 'நோமென்' என்றால் பேர்; முன்னால் இருப்பது 'இல்லை' என்பதற்கான ஒட்டு. ஆக, பேர் இல்லாமல் போவது. பழைய ரோமில் சென்சர் என்ற இரண்டு அதிகாரிகள் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை குடிமக்கள் பட்டியலைச் சரிபார்ப்பார்கள். நடத்தை சரியில்லை என்றால் பேருக்குப் பக்கத்தில் ஒரு குறி விழும். கி.மு. 275இல் ரூஃபினஸ் என்பவரை, இரண்டு முறை கான்சல் என்ற ஆட்சித் தலைவர் பதவியில் இருந்தவரை, 10 பவுண்டு வெள்ளிப் பாத்திரம் வைத்திருந்தார் என்று செனட் என்ற ஆட்சி மன்றத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். அந்த ஊர்ப் பவுண்டுக்குக் கணக்குப் போட்டால் மூன்றேகால் கிலோ. அவ்வளவுதான்!

அடுத்து வரும் சென்சர்கள் நினைத்தால் அந்தக் குறியை நீக்கலாம். இதைப் படித்ததும் அப்பாவின் பற்று நோட்டுதான் ஞாபகம் வந்தது. பாக்கி தராத ஆளை அவர் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். பேருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சுழி. கல்லாப்பக்கம் வந்து நிற்கும் அந்த ஆளின் கண்ணும் அந்தச் சுழிக்குத்தான் போகும். விஷு கழிந்து புது நோட்டு போடும்போது பாக்கியை எடுத்து எழுதுவார், சுழியை எழுத மாட்டார்.

'பேர் போச்சு' என்று மொழிபெயர்த்தால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் அது ஆபத்து. ஒரு முறை பாலக்காட்டிலிருந்து வந்த மலையாளி ஒருவர் கடையைப் பார்த்து, "பேருகேட்ட கட" என்று மனசாரப் புகழ்ந்தார். அவர்கள் மொழியில் புகழ்பெற்ற கடை என்று பொருள். அப்பா காதில் 'பேர் கெட்ட கடை' என்று விழுந்து, நிறுத்துக்கொண்டிருந்த துவரம்பருப்பைத் தராசோடு கீழே வைத்துவிட்டார். அப்புறம் நான்தான் விளக்கினேன்.

ஆகவே அடுத்த முறை 'பெயரிழப்பு' என்று போடுங்கள். 'பேர் போன' என்று மட்டும் வேண்டாம். என் கடை போர்டில் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

– மளிகைக் கடைக்காரர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.