கோரிக்கை மனு: ராணி மேரி கல்லூரியின் பழைய சுவர்களில் சிமெண்ட் பூசாதீர்கள்

பெறுநர்
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்,
கட்டடப் பராமரிப்பு, சென்னை.

அனுப்புநர்
முன்னாள் மாணவியரும் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களும்.

பொருள்: பழைய கட்டடங்களைச் சுண்ணாம்புக் காரையால் மட்டுமே பழுதுபார்க்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் முன்பு அளித்த மனுக்கள் (பதில் வரவில்லை).

ஐயா, வணக்கம்.

காமராஜர் சாலையும் ராதாகிருஷ்ணன் சாலையும் சேரும் முனையில், காந்தி சிலைக்கு எதிரே உள்ள ராணி மேரி கல்லூரி வளாகம் தாங்கள் அறிந்ததே. 1914-இல் கேப்பர் ஹவுஸ் என்ற மாளிகையில் சென்னை மகளிர் கல்லூரியாகத் தொடங்கி, 1917-இல் ராணி மேரி என்று பெயர் மாறியது. முதல் முதல்வர் டோரதி டி லா ஹே. கேப்பர் ஹவுஸ் இன்று இல்லை. 2003-இல் தலைமைச் செயலகத்துக்காக வளாகத்தையே இடிக்க இருந்ததை மாணவியர் போராட்டம் தடுத்தது. இடிப்பைத் தடுத்தாயிற்று; தவறான பராமரிப்பையும் தடுக்க வேண்டியிருக்கிறது. எங்கள் கோரிக்கைகள்:

1. வளாகத்தின் பழைய கட்டடங்களான பென்ட்லண்ட், ஸ்டோன், ஜெய்ப்பூர் ஹவுஸ் மூன்றுக்கும் தனி எஸ்டிமேட் போடவும். புதுக் கட்டடத்துக்கான விலைப்பட்டியலை அப்படியே ஒட்ட வேண்டாம்.

2. கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரசு, ஆல் கன்றுகளை மேலே வெட்டினால் போதாது, மீண்டும் தழைக்கும். வேரோடு எடுத்து, குழியைச் சுண்ணாம்புக் கலவையால் அடைக்கவும்.

3. எல்லாவற்றிலும் முக்கியம் சுவர்ப் பூச்சு. கடல், சாலைக்கு அந்தப் பக்கம்தான். உப்புக்காற்று செங்கல்லுக்குள் ஈரத்தையும் உப்பையும் ஏற்றுகிறது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும்; உப்பு பூச்சின் மேல் பூக்கும், பூச்சு உதிரும், சில ஆண்டுகளில் மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். உப்பு பூச்சுக்குப் பின்னால் கட்டியாகி, செங்கல்லின் முகத்தையே பெயர்க்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். தட்டிப் பாருங்கள், வெற்றோசை கேட்கும். பலகையாகப் பெயர்ந்து விழும்போது செங்கல்லும் சேர்ந்து வரும். அதன் மேல் இன்னொரு கோட் சிமெண்ட்! இதற்குப் பெயர் பழுதுபார்ப்பா, ஐயா?

செய்ய வேண்டியது கடினமும் அல்ல. தளர்ந்த பூச்சைச் சுரண்டி, உப்பைத் தண்ணீர் ஊற்றாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுக்கவும். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத சலித்த ஆற்றுமணல் மூன்று பங்கு. ஒரு பூச்சு 12 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம்; அது இறுகிய பின்பே அடுத்தது. கடற்காற்று வேகமாக உலர்த்தி வெடிப்பு விடச் செய்யும், ஆகவே ஈரச் சாக்கு தொங்கவிட்டுப் பத்து நாளாவது காக்க வேண்டும். மேலே சுண்ணாம்பு வெள்ளை. பிளாஸ்டிக் எமல்ஷன் கூடவே கூடாது, அதுவும் ஈரத்தை அடைக்கும். ஒப்பந்ததாரர் அவசரப்படுவார், ஏனென்றால் சிமெண்ட் மறுநாளே கெட்டிப்படும். அவருடைய அவசரத்துக்கு நூறாண்டுச் சுவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்? இதை எத்தனை முறைதான் எழுதுவது? காகிதம்தான் தேய்கிறது.

4. மெட்ராஸ் டெரஸ் தளம் (தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய கூரை) உள்ள இடங்களில், ஒழுகினால் மேலே கான்கிரீட் ஊற்ற வேண்டாம். பாரம் தேக்கு உத்திரத்தில் இறங்கும். பெயர்ந்த தட்டோட்டை மாற்றிச் சந்துகளைச் சுண்ணாம்பால் பூசினாலே போதும்.

5. பேவர் பிளாக்கைச் சுவரை ஒட்டியும் மரத்தூரை ஒட்டியும் பதிக்காதீர்கள். மூன்றடி மண் விடுங்கள்.

6. மழைக்குழாய்களைச் சரிசெய்யவும். அக்டோபருக்கு முன். தயவுசெய்து.

மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம்: அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் "சுண்ணாம்புக் காரை மட்டும்" என்ற ஒரு வரியைச் சேருங்கள். வேலை தொடங்கும் முன் ஒரு சதுர மீட்டர் மாதிரிப் பூச்சு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சேர்க்க முடியாது என்றால், அதையாவது காரணத்தோடு எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்டோர்.