அம்மிணிக்கு, கொழிஞ்சாம்பாறையிலிருந்து

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அப்பத்தாவுக்குக் கால் வீக்கம் மட்டும் வடியவில்லை. சாப்பாடும் தூக்கமும் பழையபடிதான். செவலை மாடு முந்தாநாள் விடிகாலையில் கன்று போட்டது, கிடாரி. உன் அம்மா சீம்பால் காய்ச்சும்போது உன்னைத்தான் நினைத்துக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒன்று கேட்டாய். "அரசாங்க சேவைக்கு ஒரு ஆப் பண்றோம்ப்பா, உங்களை மாதிரி ஆளுங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க" என்றாய். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். மாடு கத்திக்கொண்டிருந்தது, நீயும் மீட்டிங் அவசரத்தில் இருந்தாய். ராத்திரி படுத்தபிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. அது போனில் முடிகிற பேச்சு இல்லை என்றுதான் தாளை எடுத்தேன்.

நான் பால் சங்கத்தில் டெஸ்டராகச் சேர்ந்தபோது நீ பிறக்கவில்லை. அப்போது கொழுப்பு பார்ப்பதென்றால் ஆசிட்தான். கண்ணாடிக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், அதன்மேல் 10.75 மில்லி பால், கடைசியில் 1 மில்லி அமைல் ஆல்கஹால். மூடியைப் போட்டுக் குலுக்கினால் குழாய் கையைச் சுடும், உள்ளே பால் கரும்பழுப்பாகிவிடும். அப்புறம் மெஷினில் அடுக்கிச் சுற்றினால் கொழுப்பு தனியாகப் பிரிந்து, குழாயின் கழுத்தில் மஞ்சளாக ஏறி நிற்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அந்தக் கோடு எத்தனையில் நிற்கிறது என்று படித்து நோட்டில் எழுத வேண்டும். என் மணிக்கட்டில் இருக்கும் தழும்பைச் சின்னவயதில் தடவிப் பார்த்து "இது என்னப்பா" என்று கேட்பாயே, அது ஆசிட் தெறித்த இடம்.

ஆனால் பால் ஊற்ற வரும் அத்தனை பேருக்கும் தினமும் இப்படிப் பார்த்து முடியாது. சில நாள் பார்ப்போம், அதை வைத்து மற்ற நாளுக்கும் கணக்குப் போடுவோம். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வைத்துக் கெட்டியான பால் கறந்தவளுக்கு அதில் நஷ்டம். அது எங்களுக்கும் தெரியும், வேறு வழி இல்லாமல் இருந்தோம். அப்புறம் அனலைசர் வந்தது. கிண்ணத்தில் பாலை ஊற்றி வைத்தால் ஒரு நிமிஷம்கூட ஆகாது, கொழுப்பும் மற்ற சத்தும் எண்ணில் வந்துவிடும். எடையும் விலையும் அச்சடித்த சீட்டாகக் கையில் கிடைக்கும். புதுக் கண்டுபிடிப்பு என்றால் எனக்கு இன்றைக்கும் அந்தப் பெட்டிதான் நினைவுக்கு வரும்.

அது வந்த முதல் வாரத்தில் ஒருநாள், இரண்டே மாடு வைத்திருக்கும் ஒரு அம்மாவுக்குக் கொழுப்பு 2.9 என்று காட்டியது. அந்த அம்மா சீட்டை வாங்கவே இல்லை. "என் பால் எனக்குத் தெரியும் தம்பி, மறுக்காப் பாரு" என்று கேனைப் பிடித்தபடி நின்றுவிட்டார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. மெஷின் சொன்னால் சொன்னதுதான் என்று அனுப்பியிருக்கலாம், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் கேனை நன்றாகக் கலக்கிவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்தேன். 4.1 வந்தது. முதல்முறை நான் கலக்காமல் அடிப்பாலை எடுத்திருக்கிறேன், ஆடை மேலேயே நின்றுவிட்டது. மெஷின்மேல் குற்றமில்லை, என் கைமேல்தான். அன்றிலிருந்து யார் கேட்டாலும் இரண்டாம்முறை பார்ப்பது, அதிலும் திருப்தி இல்லையென்றால் பழைய ஆசிட் டெஸ்ட் செய்து காட்டுவது என்று வைத்துக்கொண்டோம். மாதத்தில் ஒருவரோ இருவரோதான் கேட்பார்கள். ஆனால் கேட்கலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஜனங்கள் அந்தப் பெட்டியை நம்பியது அதற்கப்புறம்தான்.

நீ கேட்ட கேள்விக்கு என் பதில் இதிலேயே இருக்கிறது அம்மிணி. உங்கள் ஆப்பில் 'மறுக்காப் பாரு' என்று சொல்ல ஒரு இடம் வேண்டும். சொன்னால் வந்து பார்க்க ஒரு ஆளும் வேண்டும்.

அப்பத்தா விஷயத்தை உனக்கு முழுசாகச் சொல்லவில்லை, கவலைப்படுவாய் என்றுதான். இங்கே கேரளத்தில் பென்ஷன் வாங்குகிறவர்கள் உயிரோடு இருப்பதை விரல் வைத்துக் காட்ட வேண்டும், மஸ்டரிங் என்பார்கள். அப்பத்தாவை ஆட்டோவில் கூட்டிப்போனேன். எழுபது வருஷம் பால் கறந்து, கடலைக்காய் உரித்த விரல். ஈரத்துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாயிற்று, ஒன்றையும் மெஷின் ஏற்கவில்லை. கண்ணைக் காட்டச் சொன்னார்கள். இரண்டு கண்ணிலும் புரை எடுத்தது, அதுவும் சேரவில்லை. அங்கே இருந்த பெண்பிள்ளை தங்கமான பிள்ளை. "பாட்டி, பயப்படாதீங்க" என்று கையை விடாமல் பிடித்துக்கொண்டது. விரல் விழாதவர்கள் உயிரோடு இருக்கிறார் என்று சர்ட்டிபிகேட் வாங்கிக் கொடுத்தால் போதும் என்று விதி இருக்கிறது, அதையும் அந்தப் பிள்ளைதான் சொன்னது. கொடுத்தோம். அதற்கப்புறமும் ஒரு அலுவலகத்தில் அந்தக் காகிதத்தை யாரும் கம்ப்யூட்டரில் ஏற்றாமல் விட்டுவிட்டார்கள். மூன்று மாதம் பணம் நின்றது.

பணம் பெரிதில்லை என்று நீ சொல்வாய், நீ அனுப்புகிறாய், தெரியும். ஆனால் அப்பத்தாவுக்கு அது தன் காசு. கூட்டுறவு பேங்க்காரர் மாதாமாதம் வீட்டுக்கே வந்து, திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக் கொடுப்பார். அப்பத்தா அதை முந்தானையில் முடிந்துகொண்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் உன் அம்மாவிடம் கொடுக்கும். அந்த மூன்று மாதமும் அவர் நம் தெருவில் அடுத்த வீட்டுக்குப் போவதை அப்பத்தா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் மாதம் ஒருநாள், "ஏண்டா, நான் செத்துப்போனேன்னு எழுதிட்டாங்களா?" என்று கேட்டது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

வீட்டுக்கே வந்து பென்ஷன் கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம்! அதைச் செய்யத் தெரிந்த மாநிலத்தில்தான் இதுவும் நடந்தது. காகிதத்தை ஏன் ஏற்றவில்லை என்று தேடினால் பெயரில் வந்து நின்றது. அப்பத்தா பெயரில் ஒரு ழகரம் இருக்கிறதல்லவா? பொள்ளாச்சிப் பக்கம் பிறந்தபோது எழுதின பழைய காகிதத்தில் அதை இங்கிலீஷில் ஒரு எல் போட்டு எழுதியிருக்கிறார்கள். கேரளத்தில் அதே எழுத்துக்கு இசட்டும் எச்சும் போடுவார்கள். வாயால் சொன்னால் இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு மட்டும் இரண்டு கிழவிகள். எல்லையில் நம்மைப்போல் எத்தனை ஆயிரம் குடும்பத்தில் இந்த எல்லும் இசட்டும் சண்டை போடுகின்றனவோ. இதைச் சரிசெய்ய மூளையுள்ள ஒரு பிள்ளைக்கு எத்தனை நாள் ஆகும் என்று நீதான் சொல்ல வேண்டும்.

கடைசியில் மனு எழுதினேன், தமிழில்தான். கவுண்டரில் இருந்தவர் மலையாளத்தில் எழுதிவரச் சொன்னார். எனக்கு மலையாளம் நன்றாகவே வரும், எழுதிக் கொடுத்திருப்பேன். ஆனால் அப்பத்தா சொல்லச் சொல்ல எழுதின மனு அது, அதன் வார்த்தையை மாற்ற மனசில்லை. 1969-இல் வந்த கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதலாம் என்று இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவும் குறையை அந்த மாநிலத்திலோ மத்தியிலோ வழங்கும் எந்த மொழியிலும் சொல்லலாம் என்கிறது. இரண்டையும் தாளில் குறித்துக்கொண்டுதான் போயிருந்தேன். மரியாதையாகவே எடுத்துச் சொன்னேன், வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் நிலுவையோடு பணம் வந்தது.

இப்போது உங்கள் ஆட்கள் செய்கிற திரையை நினைத்துப் பார். அங்கே தமிழ் என்ற பொத்தானை அழுத்தினால் தலைப்பு மட்டும் தமிழாகி, உள்ளே கேள்வியெல்லாம் இங்கிலீஷில் நிற்கிறது. தமிழாக இருந்தாலும் அகராதியில் தேடி எடுத்த தமிழ். நம்மூரில் நிலம் பேர் மாறுவதற்குப் 'போக்குவரவு' என்பார்கள், பத்திரத்துக்கு 'ஆதாரம்', வரி கட்டினால் 'கரம் அடைத்தேன்' என்பார்கள். 'ஆதாரத்தைக் கொண்டு வாங்க' என்றால் பாதிப் பேர் ஆதார் கார்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். இதெல்லாம் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு தெரிய வராது.

நான் புதுமைக்கு எதிரி இல்லை. ராக்கெட் எதற்கு, ரோடு போடு என்று பேசுகிறவனும் இல்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் நிலாவில் இறங்கினபோது சங்கத்து டிவி முன்னால் பால் கேனைப் போட்டுவிட்டு நின்றோம், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. 1963-இல் நம் கேரளத்துத் தும்பாவில் ஒரு தேவாலயத்தை ஆபீசாக வைத்துக்கொண்டு தொடங்கினதல்லவா அது! நம் தொழிலையே எடுத்துக்கொள். எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மழைக்கும் குளிருக்கும் பால் பெருகி வாங்க ஆளில்லாமல் குஜராத் விவசாயி தவித்த காலம். ஆனந்தில் தலாயா என்ற இஞ்சினியர் செய்து காட்டினார், 1955-இல் அங்கே பவுடர் தொழிற்சாலையே வந்துவிட்டது. அவரை அங்கே பிடித்து நிறுத்தினவர் அமுலை வளர்த்த குரியன், கோழிக்கோட்டில் பிறந்தவர். யாருடைய பால் கெட்டுப்போகிறது என்று அவர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள், அதனால் அது நடந்தது என்று நான் நினைக்கிறேன்.

சந்தையில் கத்தரிக்காய் விற்கும் அக்காவிடம் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. வாங்குகிறவர் போனில் அனுப்பின காசு ஏறினால் எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லும். கையில் தராசு, எதிரே நாலு பேர், போனை எடுத்துப் பார்க்க அந்த அக்காவுக்கு ஏது நேரம்? அதை யோசித்தவர் நிச்சயம் ஒருநாள் சந்தையில் நின்று பார்த்தவர். யுபிஐ வந்தது 2016-இல். இந்தப் பெட்டி வந்தபிறகுதான் அந்த அக்கா ஸ்கேன் பண்ணுகிற அட்டையை வெளியே மாட்டினார்.

வேலந்தாவளத்தில் எல்லை தாண்டியதும் தமிழ்நாட்டு விதி, இந்தப் பக்கம் கேரள விதி. 2020-இல் கொரோனா சமயத்தில் உன் மாமா சாவுக்குப் போக இரண்டு மாநிலத்துக்கும் தனித்தனியாகப் பதிந்து, பாஸ் வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுதினால் மனசு தாங்காது, விடு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஓணத்துக்கு லீவில் வரும்போது இரண்டு நாள் முன்னதாகவே வா. மஸ்டரிங் செய்த அந்தப் பிள்ளையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "அக்காவை வரச் சொல்லுங்க, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கட்டும்" என்றது. காலை ஒன்பதிலிருந்து மத்தியானம் வரை பேசாமல் உட்கார்ந்து பார். யார் எந்த இடத்தில் முழிக்கிறார்கள், எந்தக் கேள்விக்குப் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொள். லேப்டாப் வேண்டாம், நோட்டு போதும். அப்பத்தாவும் கூட வருகிறதாம், பேத்தி முன்னால் விரலை இன்னொரு தரம் வைத்துப் பார்க்க வேண்டுமாம்.

சீம்பால் அதுவரை தாங்காது. அம்மா நெய் உருக்கி வைத்திருக்கிறாள். ராத்திரி ரொம்ப நேரம் கண் விழிக்காதே.

அன்புடன்,
அப்பா